ஆன்சலாவுக்கான சுருதி

எனக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது, ஐயா. தந்திகளைச் சுருதி சேர்த்து ரியூன் பண்ண மட்டும்தான் தெரியும். அதையும் என் மனைவி ஆன்சலாவுக்காகத்தான் படித்தேன்.

அவள் முல்லைத்தீவில் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் கிற்றார் வாசித்தவள். பெருநாளுக்கு வந்த கொழும்பு இசைக்குழு ஒன்று அவளைத் தங்களோடு சேரக் கேட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே ஓம் என்றுவிட்டாள். நான் சண்டை பிடிக்கவில்லை. மறுநாள் காலையில், வள்ளத்துக்கு எஞ்சின் பூட்ட ஒரு கை கொடுக்கும்படி கூப்பிட்டேன். அவள் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எஞ்சின் என் கையிலிருந்து வழுக்கி அவள் கையில் விழுந்தது. மூன்று விரல்களை ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். இடது கையில் பெருவிரலும் சுட்டுவிரலும் மிஞ்சின.

கடல் தொழிலில் இப்படி நடப்பதுதான் என்று சனம் சொன்னது. நானும் அதையே சொன்னேன். கொழும்புக்காரர் அப்பிள் வாங்கிவந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

பிறகு வீட்டில் கதைபேச்சு நின்றுபோனது. சமைப்பாள், கூட்டுவாள், சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். எனக்கு அது பொறுக்கவில்லை. போனில் வீடியோ பார்த்துத் தந்திகளை வேறு விதமாக ரியூன் பண்ணினேன். கோட்ஸ் என்பது பல தந்திகள் ஒன்றாய்ச் சேர்ந்து ஒலிப்பது. சில தந்திகளைத் தளர்த்தினால் விரலே வைக்காமல் ஒரு கோட்ஸ் கேட்கும். ஒற்றை விரலைக் குறுக்கே படுக்கவைத்து நகர்த்தினால் அடுத்தது வரும்.

“உங்களுக்கு ஏன் இந்தக் கரைச்சல்?” என்று கேட்டாள்.

“நீர் வாசிக்கிறதைக் கேக்க எனக்கு விருப்பம். வீட்டில இருந்து வாசியும்.”

அது உண்மை, ஐயா.

ஆனால் அவள் நான் காட்டியதோடு நிற்கவில்லை. தடித்த தந்தியைப் பெருவிரலால் மேலிருந்து அழுத்தி, மற்றவற்றைச் சும்மா அதிரவிட்டு, எந்த வீடியோவிலும் இல்லாத கோட்ஸ் எல்லாம் தேடிப் பிடித்தாள். அயல் சனம் வேலியோரம் வந்து நின்றது. அவள் ஒன்றைப் பதிந்து கொழும்புக்கு அனுப்பினாள். அவர்கள் மறுபடி கூப்பிட்டார்கள்.

“திங்கட்கிழமை பஸ்ஸில போறன்,” என்றாள். “எஞ்சின் வழுக்கேல்லை எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்.”

நான் கோபப்படவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். அவள் வாசலில் குந்தியிருந்து கிற்றாரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மீன் வெட்டும் கத்தி குசினியில் இருந்தது, எடுத்து வந்தேன். அந்த இரண்டு விரல்களும்தான், வேறு எங்கும் வெட்டவில்லை. சீலைத் துணியால் இறுக்கிக் கட்டி, ஆஸ்பத்திரிக்கும் நானே ஏற்றிக்கொண்டு போனேன்.

டொக்டர் பொலிசுக்கு அறிவித்து உங்களைக் கூப்பிட்டதில் எனக்குக் குறையில்லை. எஞ்சினையும் தெரிந்துதான் விட்டேன். அதையும் எழுதுங்கள்.

ஆன்சலாவிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். கிற்றாரை மடியில் கிடத்தி, தந்திகளின் மேல் ஒரு சின்னப் போத்தலை உரசியும் வாசிக்கலாம். அதற்கு விரல் தேவையில்லை. மணிக்கட்டில் போத்தலை யாராவது கட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். அதற்கு நான் இருக்கிறேன்.