நாற்பத்தேழாம் மூட்டையின் பல்

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. வாயில் ஒரு பல்கூட விழவில்லை. நிதானமாக மென்று சாப்பிடுவேன், அவ்வளவுதான் ரகசியம். எதிலும் அவசரப்படுகிறவன் நான் இல்லை என்பது உங்களுக்குப் புரிய வேண்டும், அதற்காகச் சொல்கிறேன். தியான் மெய்யுன் விஷயத்திலும் நான் அவசரப்படவில்லை, ஐயா.

குய்யாங் நகரத்துப் புதைபடிவ ஆய்வகத்தில் என் வேலை கல்லைக் கரைப்பது. மலையிலிருந்து சுண்ணாம்புக் கல் மூட்டை மூட்டையாக வரும். வினிகர் அமிலத்தில் வாரக்கணக்கில் ஊறப்போட்டால் கல் கரைந்து அடியில் வண்டல் நிற்கும். அதைச் சலித்துக் காயவைத்து, கறுப்புத் தட்டில் பரப்பி, நுண்ணோக்கியில் மணி மணியாகத் தேட வேண்டும். நாற்பத்துநான்கு கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இங்கே கடல் இருந்தது. அதில் நீந்திய மீனுக்குத் தாடையும் பல்லும் இருந்தனவா என்பதுதான் கேள்வி. செதில் கிடைத்தது, முள் கிடைத்தது, பல் மட்டும் கிடைக்கவில்லை. பதினோரு வருடம் ஒவ்வொரு தட்டிலும் ‘காலி’ என்று சீட்டு எழுதி ஒட்டினேன். பேராசிரியர் ஷியேவுக்கு என் சீட்டு வேதவாக்கு. அந்தக் காலத்து மீனுக்குப் பல் கிடையாது என்று அவர் எழுதியதெல்லாம் அதை நம்பித்தான்.

கடைசி நாலு வருடமாக என் இடது கண்ணில் புரை. வலது கண்ணும் புகைமூட்டம். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தட்டைப் பிடுங்கிக்கொண்டு தொட்டி கழுவ அனுப்பிவிடுவார்கள்.

மெய்யுன் புதிதாக வந்த ஆய்வாளர். முப்பத்துநாலு வயது, கலகலப்பான பெண். ஒருவர் முடித்து வைத்த தட்டை இன்னொருவர் மறுபடி பார்ப்பது எங்களிடம் வழக்கமில்லை. எச்சில் தட்டைக் கிளறுவது போல அது. அவள் கிளறினாள்.

“கோவிச்சுக்காதீங்க மாஸ்டர், சும்மா கண்ணுக்குப் பழக்கம் வரட்டும்னுதான். வீட்டுக்குப் போனா மாமியாரு, அதுக்கு இது தேவலை.”

“பாரும்மா. தூசிதான் இருக்கும், தும்மிடாதே,” என்றேன்.

ஏப்ரல் மாதம், மழை. மதியம் புளிப்பு மீன் சாற்றில் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டாள்.

“மாஸ்டர், இங்க வாங்க. எனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கான்னு பாத்துச் சொல்லுங்க.”

பார்த்தேன். எள்ளில் பாதி இருக்கும். வளைந்த எலும்பின் மேல் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்கள், பக்கத்தில் இன்னொரு சின்ன வரிசை. புரைக் கண்ணுக்கே தெரிந்தது. தட்டின் ஓரத்தில் நாற்பத்தேழாம் மூட்டை என்ற சீட்டு, கீழே என் கையெழுத்து.

“தொடாதீங்க மாஸ்டர். சாரைக் கூட்டிட்டு வந்துடறேன்,” என்று மாடிக்கு ஓடினாள். படம் எடுத்து வைக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

அந்த ஒரு தட்டு தவறென்றால் என் தட்டுகள் எல்லாம் தவறு. தூரிகை நுனியை உதட்டில் நனைத்துத்தான் நாங்கள் மணியை எடுப்போம். கூடாது என்று சுவரில் ஒட்டியிருக்கிறார்கள், ஆனாலும் எல்லோரும் செய்கிறோம். நனைத்தேன், எடுத்தேன், மறுபடி உதட்டுக்குக் கொண்டுபோனேன். கடைவாயில் வைத்துக் கடித்தேன். சோற்றில் மணல் கடிபட்டது போல ஒரு சத்தம். அதற்கு மேல் கொஞ்சம் தேநீர் குடித்தேன்.

பேராசிரியர் வந்து குனிந்து பார்த்தார். “எங்கேம்மா?”

“இங்கதான் சார் இருந்துச்சு. மாஸ்டரும் பாத்தாரே.”

“ஏதோ வளைவா ஒரு தூசி தெரிஞ்சுது சார். ரொம்ப உழைக்கிறாங்க, பாவம்,” என்றேன். பாவம் என்றது மனதாரத்தான்.

இல்லாததை இட்டுக்கட்டினாள் என்று பேச்சு கிளம்பியது. “பல்லை எலி தூக்கிட்டுப் போச்சா?” என்று நடையில் வைத்தே கேட்டார்கள். வேலை நிரந்தரமாகாது என்று காதோடு காதாகச் சொல்லிவிட்டார்கள். அவள் என்னைச் சந்தேகப்படவே இல்லை. என்னிடம்தான் வந்தாள்.

“மாஸ்டர், அந்தக் கல்லை எங்க எடுத்தாங்க? நோட்டுல ஊர் பேர் மட்டும்தான் இருக்கு. நானே போய் எடுத்துட்டு வந்துடறேன்.”

“பாலத்துக்கு மேல ரெண்டாவது வளைவு. இடுப்பளவு உயரத்துல சாம்பல் அடுக்கு ஒண்ணு ஓடும், அதுதான்.”

ஒரு சொல்லும் பொய் இல்லை. மழையில் அந்த வளைவின் மேட்டில் பிளவு விழுந்துவிட்டது, எப்போது வேண்டுமானாலும் சரியும், யாரையும் அனுப்ப வேண்டாம் என்று அந்த ஊர்த்தலைவர் முந்தைய நாள்தான் எனக்குப் போன் செய்திருந்தார். மூட்டை ஏற்றும் ஏற்பாடெல்லாம் என் பொறுப்பு, அதனால் எனக்கு. மேடு எப்படி இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அவள் போனபோது மேடு சரிந்தது; மூன்றாம் நாள் அவள் உடலை மண்ணுக்கு அடியிலிருந்து எடுத்தார்கள். முதுகுப் பையில் ஏழு கிலோ கல் இருந்தது. இடம், தேதி, அடுக்கு எல்லாம் அழகாக எழுதிக் கட்டியிருந்தாள். அழுத கண்ணோடு பேராசிரியர் அதை என் மேசையில் வைத்தார். “அந்தப் பொண்ணுக்காக நல்லாப் பாருங்க மாஸ்டர்,” என்றார். பாதியை மட்டும்தான் வைத்தார், மீதியை வேறு ஊர் ஆய்வகத்துக்கு அனுப்பினார் என்பது நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது. அங்கே ஒன்பது பல் கிடைத்ததா? கிடைத்திருக்கும். என் பாதியில் பதினொன்று. அதற்குள் கண் அறுவை முடிந்திருந்தது, ஒவ்வொன்றும் துலக்கமாகத் தெரிந்தது. ஒவ்வொன்றாக எடுத்து மென்றேன். பிறகு ‘காலி’ என்று எழுதினேன்.

மேடு விழும் என்று எனக்குத் தெரியும். அவள் அங்கே நிற்பாள் என்றும் தெரியும். நான்தான் அனுப்பினேன். வாக்குமூலத்தைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பேராசிரியரிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள், ஐயா. அடுத்த வாரம் பதினேழு மூட்டை வருகிறது. கவனமில்லாத ஆள் யாரிடமாவது கொடுத்து நாசமாக்கிவிட வேண்டாம், நான் வரும்வரை பிரிக்காமல் வைத்திருக்கட்டும்.