கல்கத்தான்னு ஒரு வரி

தேவயானி: இல்லங்க, இன்னும் கார்லயேதான் உக்காந்திருக்காங்க.

இளவரசன்: எல்லாருமா?

தேவயானி: ஆறு பேரும். இங்க குரும்பலூர்ல எங்க வூட்டு வாசல்ல, ஏசி போட்டுக்கிட்டு. மாப்ளையோட அப்பா ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதடவ கண்ணாடிய எறக்குறாரு, போன்ல நம்ம ஆப்ப அமுக்கிப் பாக்குறாரு, திரும்ப ஏத்திக்கிறாரு.

இளவரசன்: என்ன வருதாம்?

தேவயானி: "இராகு காலம். காத்திருக்கவும்." செவப்பு எழுத்துல. நான்தானே அந்தச் செவப்பத் தேடித் தேடி வெச்சேன்.

இளவரசன்: நல்லா எடுப்பாத்தான் இருக்கு.

பாக்யலட்சுமி: ஏன்டி, பொண்ணு பாக்க வந்தவங்க தெருவுல கெடக்காங்க, நீ பட்டுச் சேலையக் கட்டிக்கிட்டு லேப்டாப்ப மடியில வெச்சிருக்க. யாரு போன்ல?

தேவயானி: ஆபீஸ்ல இளவரசன்ம்மா. திருமண தகவல் மையத்துல என்கூட வேல பாக்குறாரு. அந்த ஆப் நாங்க ரெண்டு பேரும் எழுதுனதுதான்.

பாக்யலட்சுமி: எழுதுனவங்களே சரி பண்ணுங்க. வெள்ளிக்கெழம ராகு காலம் காலைல பத்தரைலேந்து பன்னெண்டு. இப்ப மணி சாயங்காலம் அஞ்சாகப் போவுது. அஞ்சே முக்கா வரைக்கும் நல்ல நேரம்.

தேவயானி: அத அவருகிட்ட சொன்னியா?

பாக்யலட்சுமி: காலண்டர் தாளையே கிழிச்சிக் கொண்டுபோயிக் காட்டுனேன். "இது போன வருஷம் அச்சடிச்சது, இது இந்த நிமிஷம் சொல்லுது"ன்னு போனக் காட்டுறாரு. ரெட்டிபாளையத்துல சிமெண்ட் ஃபேக்டரில முப்பது வருஷம் மெஷின் பாத்தவராம். மெஷின் பொய் சொல்லாதாம்.

இளவரசன்: பஜ்ஜி குடுத்தாங்களான்னு கேளுங்க.

தேவயானி: பஜ்ஜி குடுத்தியான்னு கேக்குறாரும்மா.

பாக்யலட்சுமி: கார் ஜன்னல் வழியா குடுத்தேன். ரெண்டு தட்டு காலி. அதுக்கு மட்டும் நேரம் பாக்கல. மாப்ளைக்கு ஆறரைக்கு அரியலூர்ல ரயிலாம். அஞ்சேகாலுக்குக் கெளம்பிருவாங்க. சீக்கிரம் பாருடி... நான் கேசரியக் குடுத்துப் புடிச்சு வெக்கிறேன்.

தேவயானி: அம்மா உள்ள போயிட்டாங்க. சொல்லுங்க.

இளவரசன்: மொதல்ல... உங்க நேரம் பாக்குற சர்வீஸ் உசுரோட இருக்கா பாருங்க.

தேவயானி: உசுரோட இருக்கறதுதானே பிரச்சன. "இப்ப நல்ல நேரமா"ன்னு ஒரே கேள்வி, ஒரே பதில். மொத்தமே நாப்பது வரி ஜாவாஸ்கிரிப்ட். இத விடச் சின்னதா என்னத்த எழுதுறது?

இளவரசன்: அதான் தனியா வெச்சோம். உங்களது தப்பாச் சொன்னாலும், என்னோட பொருத்தம் பாக்குற சர்வீஸ் அது பாட்டுக்கு ஓடும்.

தேவயானி: ஓடுது, ஓடுது. எனக்கும் அந்தப் பழனிவேலுக்கும் பத்துக்கு எட்டுப் பொருத்தம்னு எங்க அம்மாகிட்ட சொன்னதே உங்களதுதானே.

இளவரசன்: அது... அது கணக்குப் போட்டுச் சொல்லுது. நான் என்னங்க பண்றது?

தேவயானி: நீங்க ஒண்ணும் பண்ணலதான்.

இளவரசன்: ...லேப்டாப்ல ஓட்டிப் பாத்தீங்களா?

தேவயானி: பாத்தேன். லேப்டாப்ல பச்சை, சர்வர்ல செவப்பு. லேப்டாப்பக் கொண்டுபோயி அவருகிட்ட காட்டவா?

இளவரசன்: வேணாம் வேணாம். சர்வர நிறுத்தித் திரும்ப ஓட விடுங்க.

தேவயானி: ரெண்டு தடவ விட்டாச்சு.

இளவரசன்: மூணாவது தடவ?

தேவயானி: சர்வர்கிட்டயே மணி கேட்டேங்க. காலைல பதினொன்றரைங்குது.

இளவரசன்: ஓ... லண்டன் கணக்குல இருக்கு. அஞ்சரை மணி நேரம் பின்னாடி. அதுக்கு இப்பத்தான் ராகு காலம்.

தேவயானி: ஆமா. மேல "ஆசியா, கல்கத்தா"ன்னு ஒரு வரி வெச்சிருந்தேன், நம்ம நாட்டு நேரத்த எடுத்துக்கன்னு சொல்ல. இப்ப அந்த வரியக் காணோம்.

பாக்யலட்சுமி: கல்கத்தாவா? மாப்ளைக்கு மெட்ராஸ்லதானடி வேல?

தேவயானி: அது வேறம்மா. கேசரி என்னாச்சு?

பாக்யலட்சுமி: டிரைவருக்கு இன்னொரு கரண்டி வேணுமாம். நீ பாரு, பாரு.

இளவரசன்: அந்த வரியச் சேத்தா சரியாயிரும். ஆனா... ஒருத்தர் மாத்துனா இன்னொருத்தர் பாத்துச் சரின்னு அமுக்குனாத்தான் சர்வருக்குப் போகும்.

தேவயானி: நீங்கதான் இருக்கீங்களே.

இளவரசன்: நான் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன். லேப்டாப் பையில இருக்கு. ஜிப்பு மாட்டிக்கிச்சு.

தேவயானி: மெதுவா இழுங்க, பிஞ்சிரப் போவுது. எனக்கும் வளையல் கீபோர்டுல இடிக்குது. ஒவ்வொண்ணா கழட்டிட்டுத்தான் எழுதணும்.

இளவரசன்: எத்தன வளையல்?

தேவயானி: கைக்கு ஒரு டஜன்.

இளவரசன்: கண்ணாடி வளையலா? அவசரப்படாதீங்க, ஒடஞ்சிரும்.

பாக்யலட்சுமி: தேவயானி... வண்டி ஸ்டார்ட் பண்ணிட்டாங்கடி.

தேவயானி: இரும்மா, இன்னும் பதினாலு இருக்கு.

பாக்யலட்சுமி: என்ன பதினாலு? ...திருப்புறாங்க... போயிட்டாங்க. "வாசல்லயே மெஷின் வேணாம்னு சொல்லிருச்சு, இந்த எடம் நமக்கு ஒத்து வராதும்மா"ன்னு தட்ட மட்டும் கையில குடுத்துட்டுப் போறாரு.

தேவயானி: அய்யோ.

பாக்யலட்சுமி: அய்யோங்கறத மூஞ்சிலயும் கொஞ்சம் காட்டுடி. நான் போயி பக்கத்து வூட்டு நாற்காலியெல்லாம் திருப்பிக் குடுத்துட்டு வரேன்.

இளவரசன்: ...ஜிப்பு தொறந்துருச்சுங்க.

தேவயானி: வளையலும் கழண்டுருச்சு. வரியப் போட்டுட்டேன், பாருங்க.

இளவரசன்: பாத்துட்டேன். சரின்னு அமுக்கிட்டேன்.

தேவயானி: பச்சை வந்துருச்சு.

இளவரசன்: தேவயானி... ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது.

தேவயானி: சொல்லுங்க.

இளவரசன்: ஒருத்தர் சர்வீஸ்ல இன்னொருத்தர் கை வெக்கக் கூடாதுன்னு நான்தான் ஊருக்கெல்லாம் சொல்வேன். அந்தக் கல்கத்தா வரி தானாப் போகல. அவங்க வெள்ளிக்கெழம சாயங்காலம் வராங்கன்னு நீங்க சொன்னீங்கள்ல... அன்னிக்கே நான்தான் எடுத்தேன். அத உங்களுக்கு அனுப்பினேன். நீங்க வேல அவசரத்துல பாக்காம சரின்னு அமுக்கிட்டீங்க.

தேவயானி: எடுத்தது ஒரே ஒரு வரி. மூணு தடவ படிச்சிட்டுத்தாங்க அமுக்குனேன்... அங்க குரும்பலூர் பஸ் நிக்குதா?