பிடுங்கிய பிறகும் வந்த பென் டிரைவ்

உச்சி வெயில், மணி பன்னிரண்டு. ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றை ஒட்டிய தோல் தொழிற்சாலை ரோட்டில் ஆள் நடமாட்டமே இல்லை... சிரிக்காதீர்கள். பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று எவன் சொன்னான்?

என் தோஸ்த்தின் மச்சான் செல்வகுமார் அங்கே கம்ப்யூட்டர் பார்க்கிறவன். கேட் அருகே சௌந்தரம் நின்றிருந்தாள். மூன்று வாரத்துக்கு முன் அவள் புருஷன் தனகோடி, தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் சுற்றும் மர டிரம்முக்குள் செத்துப்போனான். உள்ளே இறங்குகிறவன் டிரம்மின் பியூஸைப் பிடுங்கி லுங்கி மடிப்பில் வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். அவனும் வைத்திருந்தான். வெளியே யாரோ வேறு பியூஸைச் செருகி ஓட்டிவிட்டார்கள். ஒரு எலும்புகூட முழுசாக மிஞ்சவில்லை. ஓட்டியது யார் என்று காட்டும் கேமரா பதிவு செல்வகுமாரிடம் இருந்த ஒரே ஒரு பென் டிரைவில் இருந்தது. அதுவும் பழுது.

"எப்படியாச்சும் எடுத்துக் குடு தம்பி. எவன்னு தெரியணும் எனக்கு."

உள்ளே மேனேஜர் கௌதம் சொன்னதே வேறு. "இன்னா பாக்குற? அழிச்சிடு. இல்லனா நாளைலேர்ந்து வேலைக்கு வராத." கோழைப் பயல், தலையாட்டினான்.

அவன் கம்ப்யூட்டரில் ஓடிய லினக்ஸில் செருகும் ஒவ்வொரு டிரைவுக்கும் ஓர் எழுத்து வரும். இதற்கு 'பி' வந்தது. கெட்ட டிரைவை முதலில் நகல் எடுக்க வேண்டும். அது அவனுக்குத் தெரியாதா? நேராக அழித்தான். பிழை... பிழை... என்று வரிகள் ஓடின. டிரைவ் தானாகத் தொடர்பு அறுந்து, மறுபடி 'சி' என்று வந்தது. 'சி'யை அழித்தான். 'டி' வந்தது.

பழுதான டிரைவ் அப்படித்தான் செய்யும். எரிச்சலில் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டான்.

திரையில் 'ஈ' வந்தது.

டொம்... டொம்... ஷெட்டில் டிரம் உருண்டது. பச்சைத்தோல் நாற்றம் ஆபீசுக்குள் ஏறியது.

"எவன்டா போட்டது?" கௌதம் ஓடினார். பியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டார். டிரம் நின்றது. அதன் வாய்க்குள் தலையை விட்டுப் பார்த்தார்...

டொம்.

ஒரே அலறல். பிறகு பத்து நிமிடம், ஈரத்தோல் மரத்தில் அறைகிற சத்தம் மட்டும். டிரம் வாயிலிருந்து சிவப்பாக வழிந்தது. பியூஸ் அவர் பையிலேயே இருந்தது.

செல்வகுமார் நாற்காலியை விட்டு எழவே இல்லை என்று பக்கத்து மேஜை சைரா சத்தியம் செய்தாள். யார் கேட்டது? போலீஸ் அந்தப் பென் டிரைவைப் போட்டுப் பார்த்தது. ஒரு பழுதும் இல்லை. தனகோடி உள்ளே இருக்கும்போது பியூஸ் செருகியது கௌதம். சௌந்தரம் அதைப் பார்த்துவிட்டுத்தான் அழுதாள்.

அதற்கடுத்து, கௌதம் செத்த அன்றைய மத்தியானப் பதிவும் இருந்தது. வேறு பியூஸைச் செருகுகிறவன் செல்வகுமார். முகம் அவன் முகம், சட்டை அவன் சட்டை. இப்போது வேலூர் ஜெயிலில் இருக்கிறான்.

ஆனால் பதிவில் அவனுக்கு... டிரம்முக்குள் இறங்கி நின்றவனைப் போல, முழங்கால் வரை சுண்ணாம்பு.