ரெண்டு ஊசிக்கு ஒரு சம்மதம்

...அப்பம் நீ எதுக்கு டாக்டருன்னு கேக்காண்டாமா மக்கா? நீயே சொல்லு. பாறசாலையிலருந்து இந்த நெய்யாற்றங்கரைக்கு பஸ்ஸுல இடிபட்டு வந்து, காலையிலருந்து இந்த இரும்புக் கசேரையில குத்தியிருந்து, முறை வந்து உள்ள போனா, அந்த அம்மா ஃபேனுக்க அடியில இருந்துக்கிட்டு, கண்ணாடிய ஏத்தி விட்டுக்கிட்டு பறயுதா, "நிங்ஙளு தன்னே தீர்மானிக்கணும்"ன்னு! நாங்க தீர்மானிக்கணுமாம்! எங்களுக்குத் தெரியுமுன்னா இம்புட்டு தூரம் ஏன் வாறோம்? எங்க வீட்டு முற்றத்துல முறம் வச்சு அரிசி பாத்துக்கிட்டே தீர்மானிச்சிருக்க மாட்டோமா? பெரிய படிப்பு! வாரத்துல ஒரு நாளு திருவனந்தபுரத்துலருந்து காருல வாறா, கேட்டியா. வந்து, கேள்விய நம்மகிட்டயே திருப்பித் தந்துட்டு போறா.

தள்ளி இரி மக்கா, காலை நீட்டிக்கோ. ஒனக்கு எத்தனை மாசம்? அஞ்சா? ஒண்ணுதானே? ஆ, ஒண்ணுன்னா பேடிக்காண்டாம், பயமே இல்ல. எங்களுக்கு ரெண்டாக்கும். எனக்கு இல்ல, எனக்கா! நல்ல ஆளு நீ. உள்ள இருக்காளே அமிர்தா, எனக்க தம்பி மோகனனுக்க பெஞ்சாதி. எல்லாரும் எனக்க வீட்டுலதான். வயசு முப்பத்தெட்டு. கோயிலு குளமுன்னு அலைஞ்சு அலைஞ்சு, இனி இல்லைன்னு எல்லாரும் விட்ட பெறவு, ஸ்கேன்ல ரெண்டு தலை! அண்ணைக்கு எனக்க தம்பிய பாக்கணுமே. பஞ்சாயத்து முழுக்க லட்டு குடுத்தான். பின்ன இந்த டாக்டரம்மா வயசைக் கேட்டுட்டு டெஸ்டுன்னு ஒரு வார்த்தை சொல்லிச்சு. அவ்வளவுதான். பீடிய பத்தவச்சுக்கிட்டு எறங்குனவன், இன்னும் வீட்டுக்குள்ள சரியா கேறல்ல. "அக்கா, நீங்க பொம்பளைங்க பாத்து செய்யுங்க"ன்னான். ஆம்பளை! லட்டு குடுக்கதுக்கு மட்டும் ஆம்பளை. இண்ணைக்கும் வந்திருக்கான், அன்னா, அந்த சோடாக்கடை வாசல்ல நிக்குதான் பாரு, சந்தனக்கலர் சட்டை. பாத்தியா, நாம பாக்குததைக் கண்டதும் திரும்பிக்கிட்டான். சவம்.

என்ன டெஸ்டா? வயித்துல ஊசி குத்தி, பிள்ளை கெடக்குத தண்ணிய எடுக்கணும். ஒரு பிள்ளைன்னா ஒரு ஊசி. இதுங்க ரெண்டும் தனித்தனி பையில கெடக்குது, அப்பம் ஆளுக்கு ஒரு ஊசி. நான் கேட்டேன், "ரத்தத்துல பாத்தா போராதா டாக்டரே?" ரெட்டைன்னா ரத்தத்துல ரெண்டு பேருக்க விசயமும் கலந்து கெடக்குமாம், எது யாருக்குன்னு பிரிக்க ஒக்காதாம். சரி, ஊசி குத்துனா ஆபத்து உண்டான்னு கேட்டேன். சிலருக்கு கலைஞ்சு போவுமாம். நூறு பேருல ஒண்ணோ ரெண்டோ. ரெட்டைக்கு கொஞ்சம் கூடுதலாம். இதைச் சிரிச்சுக்கிட்டே பறயுதா, கேட்டியா! அந்தத் தண்ணிய பம்பாய்க்கு அனுப்பி, அங்க உள்ளவன் மெல்ல தின்னு குடிச்சு உறங்கி எழும்பி பாத்துட்டு, மூணு வாரம் கழிச்சு பதில் அனுப்புவானாம்.

ஒண்ணு நல்லாயிருந்து மற்றது அப்படி இருந்தா என்ன செய்யன்னு கேட்டேன் பாரு, அப்பம்தான் அந்தச் சிரிப்பு நிண்ணுச்சு. ஒண்ணை மட்டும் களையதுக்கு இங்க ஆளு கெடையாதாம். வச்சுக்கிட்டா ரெண்டும். வேண்டாமுன்னா ரெண்டும். அதுவும் தாமதிச்சா நடக்காது, மாசம் கூடிப் போவும். இதைக் கேட்டுட்டு அமிர்தா எனக்க கையைப் பிடிச்சா பாரு, இன்னா, நகம் பதிஞ்சு கெடக்கு.

எதைப் பாக்கதுக்கு டெஸ்டுன்னா கேட்ட? ஓ. அதைத்தான் ஒருத்தரும் வாய் தொறந்து பறயமாட்டாங்க. "அப்படி"ன்னுவாங்க. "அந்த மாதிரி"ன்னுவாங்க. நான் பறயுதேன். எங்க சுமியைப் போல பிள்ளையான்னு பாக்கதுக்காக்கும்! சுமி எனக்க மகளு. இருவது வயசு. டௌன் சிண்ட்ரோமுன்னு ஒரு பேரு வச்சிருக்கான் இங்கிலீசுல. புத்தி மெல்லத்தான் வளரும், நாக்கு கொஞ்சம் தடிச்சது, கண்ணு இப்படி சரிஞ்சு இருக்கும். அவளுக்கு என்ன கொறைச்சல்? எங்களுக்கு மாவு மில்லு உண்டு, எனக்க கெட்டுனவரு சோமன் நடத்துதாரு. சுமிதான் அங்க வரிசையைப் பாப்பா. எவனாவது முந்தினா, "பொறகே போ!"ன்னு ஒரு சத்தம். பஞ்சாயத்து மெம்பர் ஒருக்க மல்லி டப்பாவை முன்னுக்குத் தள்ளி வச்சாரு, எடுத்து ரோட்டுல வச்சுட்டா. எனக்க மகளுல்லா!

அமிர்தாவுக்க அம்மை ஒருத்தி உண்டு, காட்டாக்கடைக்காரி. மகளுக்கு ரெட்டைன்னதும் பையைத் தூக்கிக்கிட்டு வந்தா. வந்த அண்ணைக்கே அறைக்குள்ள ஒரு வெள்ளக்காரப் பிள்ளைக்க படத்தை ஒட்டுனா. காலையில எழும்புனதும் அதைப் பாக்கணுமாம், அப்பம்தான் பிள்ளை அழகாப் பிறக்குமாம். மோகனனுக்க கறுப்புக்கு வெள்ளக்காரன் பிறந்தா பின்ன ஊரு என்ன கேக்கும்? அதைக்கூட யோசிக்கல்ல. அதையும் விடு. என்னை தனியா விளிச்சு, கொரலைத் தாழ்த்தி, "சரோஜம், வயித்துக்காரி கண்ணுல சுமி படாம பாத்துக்கோ"ன்னா. எனக்க வீட்டுல நிண்ணுக்கிட்டு! எனக்க மரச்சீனிக் கெழங்கைத் தின்னுக்கிட்டு! சுமியைக் கூப்பிட்டு, அந்த அம்மைக்கு சோறு வெளம்ப வச்சேன். மூணு நேரமும். நல்லாப் பாக்கட்டு.

டாக்டரு மட்டும் ஒழுங்கான்னு நெனைக்காதே. எங்க ஊருக்காரங்களுக்கு ஒரு டாக்டர் போராது. கேரளா தமிழ்நாடு பார்டர்ல இருக்கோம்லா. இங்கிட்டு நெய்யாற்றங்கரையில ஒருத்தர் ஒண்ணு பறஞ்சா, அது பிடிக்கல்லன்னா பஸ்ஸு கேறி அங்கிட்டு மார்த்தாண்டத்துக்குப் போவோம். அங்க பிடிச்சதைப் பறஞ்சா அவருதான் நல்ல டாக்டர். அமிர்தாவையும் கொண்டு போனோம். அந்த மனுசன் வயித்துல கை வச்சுப் பாத்துட்டு, "டெஸ்டும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், பாலு குடிம்மா"ன்னாரு. மோகனனுக்கு உடனே மொகத்துல வெளிச்சம். வழியில லட்டு வாங்கப் பாத்தான், நான் கையைத் தட்டி விட்டேன்.

ஏன்னா இந்தப் பாலு வைத்தியம் எனக்கு பழக்கமாக்கும். சுமி பிறந்தப்ப இங்க உள்ள டாக்டர் நேராப் பறஞ்சாரு, இது இப்படித்தான், மாறாதுன்னு. எங்களுக்குப் பிடிக்குமா? மார்த்தாண்டத்துக்கு ஓடினோம். அங்க ஒருத்தர், "வளர வளர சரியாவும், பாலு குடுங்க"ன்னாரு. அதை நம்பி, இப்பம் நடப்பா, இப்பம் பேசுவா, அடுத்த வருசம் பள்ளிக்கூடம் போவான்னு காத்திருந்தேன் மக்கா. ஏழு வயசுல அவளுக்க முன்ன இருந்து அ ஆ சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கேன். அவ எனக்க வாயைத் தொட்டுத் தொட்டு சிரிக்குதா. அண்ணைக்குத்தான் எனக்கு விளங்கிச்சு. அடுக்களைக்குள்ள போயி, கதவைச் சாத்திக்கிட்டு கரைஞ்சு அழுதேன். அந்த ஏழு வருசம் அவளைப் பாக்காம, வராத ஒருத்தியை நான் பாத்துக்கிட்டு இருந்தேன்லா.

அதனாலதான் அமிர்தாகிட்ட நான் கண்டிப்பா பறஞ்சேன், டெஸ்டு எடுக்கணுமுன்னு... ஆமா, நான்தான். ஏன் இப்படி பாக்குத? அவளுக்கு வேண்டாம். மோகனனுக்கு பேடி. அந்த அம்மைக்கு வெள்ளக்காரன் படம் போரும். நான்தான் நாளும் அதையே பறஞ்சு பறஞ்சு, இண்ணைக்கு கூட்டிக்கிட்டு வந்திருக்கேன்.

என்ன? சுமிக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்லைன்னுட்டு, அவளைப் போல ஒண்ணு பிறந்தா என்னன்னா கேட்ட?

ஆளு பேசாம இருந்துக்கிட்டு, கேக்குத கேள்வியப் பாரு.

கொறைச்சல் இல்லதான். ஆனா எனக்க கெட்டுனவருக்கு நெஞ்சுவலி வந்தாச்சு. எனக்கு சுகரு. நாங்க போனா சுமி எங்க போவா? வேற பிள்ளை எனக்கு கெடையாது. அந்தப் பயத்துல வேற ஒண்ணு பெறவே இல்ல. ஒரு பெண்பிள்ளை மக்கா, மாசாமாசம் துணி மாத்த ஒருத்தி கூட நிக்கணும். நான் நின்னு பாத்துக்குதேன். எனக்குப் பெறவு? சொந்தக்காரங்க எல்லாரும் கல்யாணத்துக்கு சுமியைக் கண்டா கன்னத்தைக் கிள்ளுவாங்க, சாப்பாட்டுக்கு எலை போடும்போ கடைசிப் பந்தியில இருத்துவாங்க. நம்பதுக்கு இந்த அமிர்தா ஒருத்திதான். கெட்டி வந்த நாளுலருந்து சுமிக்கு தலை சீவி விடுதது அவதான். சுமிக்கு பனிக்காச்சல் வந்தா எனக்க பக்கத்துல படுக்காது, அவளுக்க பக்கத்துலதான் படுக்கும். ஒருக்க, நான் கேக்காமலே அமிர்தா பறஞ்சா, "அக்கா பேடிக்காண்டாம், சுமிக்கு நான் உண்டு"ன்னு. அண்ணைக்குத்தான் பல வருசத்துக்குப் பெறவு நான் நல்லா உறங்கினேன்.

இப்பம் அவளுக்கே அப்படி ஒண்ணு பிறந்தா? கூட இன்னொண்ணும் கையில இருந்தா? எனக்க சுமியைப் பாக்க அவளுக்கு நேரம் உண்டாவுமா? நீ சொல்லு.

அவளுக்க நல்லதுக்குன்னு எல்லார்கிட்டயும் பறஞ்சேன். அவளுக்க கஷ்டத்தை நெனச்சுன்னு பறஞ்சேன். எனக்கே அதுல நம்பிக்கை வந்துப்போச்சு, பாத்துக்கோ. ஆனா அது அமிர்தாவுக்கு வேண்டி இல்ல மக்கா. சுமிக்கு வேண்டியாக்கும். எனக்க மகளுக்கு ஒரு ஆளு கொறையக்கூடாதுன்னு, பதினொண்ணு வருசம் காத்திருந்தவளுக்க வயித்துல ரெண்டு ஊசி குத்த கொண்டு வந்திருக்கேன். அந்த நூறுல ஒண்ணு இவளா இருந்தா... ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்ல மக்கா. இந்த டெட்டால் வாசனைக்கு கண்ணு எரியுது.

பஸ்ஸுல வரும்போ அமிர்தா கேட்டா, "அக்கா, சுமியை வளத்தது நீங்க. உங்களுக்குத் தெரியாதது எனக்கு என்ன தெரியும்? செய்யுன்னா செய்யுதேன்"ன்னு. நான் என்ன பறஞ்சேன்? டிரைவரைத் திட்டினேன். ரோட்டைத் திட்டினேன். நெய்யாற்றங்கரை வரைக்கும் வாயை மூடல்ல, அவ கேட்டதுக்கு மட்டும் ஒண்ணும் பறயல்ல.

ஏ, எங்க போற? ஒன்னை விளிக்கல்லியே? மாமியார் தேடுவாங்களா? ஒனக்க மாமியார் அன்னா, அந்தப் பெஞ்சுல உறங்குதாங்க... சரி, போ. போ மக்கா. வயித்துக்காரி இதெல்லாம் கேக்காண்டாம்.

ஆ, சிஸ்டரே, அமிர்தாவுக்க ஆளு நான்தான். என்ன? எல்லாம் எடுத்து வச்சாச்சா? கெடத்தியாச்சா? அக்காவுக்க சம்மதம் கேட்டுட்டு வரச் சொன்னாளா, நான் சரின்னா அவளுக்கும் சரின்னாளா...

இப்பம் குத்தாண்டாம். குத்தவேண்டாமுன்னு இல்ல, வேணுமுன்னும் இல்ல. சிஸ்டரே, டாக்டரம்மாகிட்ட ஒரு அஞ்சு நிமிசம் பொறுக்கச் சொல்லுங்க. அவ எனக்க பேச்சைக் கேட்டு அங்க கெடக்குதா, நான் யாருக்கு வேண்டிப் பேசுனேன்னு அவளுக்குத் தெரியாது. அதை நானே போயி அவகிட்ட பறயணும். செருப்பை எங்க கழத்தி இடணும்? இங்கயா?