சோதனை மணி

ஏற்காட்டு மழையில் தீப்பெட்டி நமத்துப்போவது போல டெலிபோனும் நமத்துப்போகும். அதனால் ஐப்பசி பிறந்ததும் என் போனுக்குப் பக்கத்தில் ஒரு பல்பை எரியவிட்டு வைப்பேன். கரண்டு பில் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். பரவாயில்லை. எங்கள் லைனில் எந்த மழையிலும் கரகரப்பு இல்லாமல் கேட்கிற போன் என்னுடையது ஒன்றுதான்.

டெலிபோன் இலாகாவிலிருந்து விசாரணைக்கு வந்த ஐயா அவர்களுக்கு இதை முதலில் எழுதக் காரணம் உண்டு. அன்றைக்கு மழையில் மணிகள் அடிக்காமல் போயிருக்கலாம் என்று தாங்கள் அறிக்கை கொடுக்கப்போவதாகத் தெரிகிறது. வியாழக்கிழமை எங்கள் லைனில் உள்ள லூர்துராஜ் வீட்டுப் போனிலிருந்து சேலத்து மேலதிகாரியிடம் அப்படித்தான் சொன்னீர்கள். தங்களுக்கு ஜலதோஷம் பிடித்திருந்ததால் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அந்த முடிவு தவறு. மணிகள் அடித்தன, ஏழு வீட்டிலும் அடித்தன. சங்கத்தின் பெயருக்குக் களங்கம் வரக்கூடாது என்பதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

கொட்டச்சேடு போகிற வழியில் ஏழு வீடுகளுக்கு ஒரே கம்பி. ஒரு வீட்டில் போனின் கைப்பிடியைச் சுற்றினால் எல்லா வீட்டிலும் மணி அடிக்கும். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு என்று அடிக்கிற விதத்தை வைத்துத்தான் அழைப்பு யாருக்கு என்று தெரியும். மற்றவர்களும் ரிசீவரை எடுத்தால் பேச்சு முழுக்கக் கேட்கும். எடுத்தார்கள், கேட்டார்கள். மிளகு வியாபாரி ஐயாக்கண்ணு, விலை ஏறப்போகிறது, சீக்கிரம் வாங்கிப் போடு என்று காலையில் மச்சானிடம் சொன்னால், மத்தியானத்துக்குள் கரடியூர் வரைக்கும் ஒருவரும் மிளகை விற்க மாட்டார்கள். எஸ்டேட் ரைட்டர் ஸ்தனிஸ்லாஸ் தங்கைக்கு வந்த வரனைப் பற்றிப் பேசினால், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது மாப்பிள்ளையின் சொத்தைப் பற்றி ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள்.

இதற்காகத்தான் எழுபத்தெட்டில் அந்தரங்கப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கினோம். நான் எஸ்டேட் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன், கடிதம் எழுதிப் பழக்கம் உள்ளவன் என்பதால் செயலாளர் ஆனேன். பேச்சு என்பது பேசுகிறவருடைய சொத்து என்று மந்திரிகளுக்கும் பத்திரிகை ஆசிரியர்களுக்கும் எழுதினேன். குப்பனூர்ப் பக்கத்து லைன்காரர்கள் எங்களைப் பார்த்துத் தாங்களும் சங்கம் வைத்தார்கள்.

கொள்கையை நாங்கள் அரைகுறையாகப் பிடிக்கவில்லை. கூட்டத்துக்கு வருகைப் பதிவு கிடையாது, யார் வந்தார்கள் என்பது அவரவர் அந்தரங்கம். தீர்மானங்களை எழுதி வைப்பதில்லை, செயலாளரின் ஞாபகமே போதும். தேர்தல் ரகசிய வாக்கெடுப்பு. முடிவையும் ரகசியமாகவே வைத்தோம். இதனால் மனக்கசப்பு இல்லாமல் நானே தொடர்ந்து செயலாளராக இருக்க முடிந்தது.

பிறகு மணியின் குறிகளை மாற்றினேன். யாருக்கு எந்த மணி என்பது எல்லோருக்கும் தெரிந்திருப்பதே ஒரு குறைதானே. லூர்துராஜுக்கு யார் யாரோ போன் போடுகிறார்கள் என்று மற்ற ஆறு வீடும் எண்ணிக்கொண்டிருக்கும். ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் ஐந்து சுற்று கொண்ட புதிய மணி கொடுத்து, அவரவர் மணியை அவரவர் காதில் மட்டும் சொன்னேன். ஒருவரை ஒருவர் கூப்பிட வேண்டுமானால் எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டர் மூலமாகத்தான். அவரை விட்டால் எல்லா மணியும் தெரிந்தவன் நான் ஒருவன்.

விதி எளிமையானது. தன் மணி தவிர வேறு மணி அடித்தால் ரிசீவரைத் தொடக்கூடாது. அதைக் கடைப்பிடிக்கிறார்களா என்று பார்க்க, அவ்வப்போது யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மணியை நானே சுற்றுவேன். சில சமயம் பழைய மணியையும் சுற்றுவேன். சோதனை மணி என்று பெயர். முதல் வருஷத்தில் லூர்துராஜ் ஒருவர் மாட்டினார். பெரிய எஸ்டேட்காரர், ஜீப் வைத்திருக்கிறவர். இருந்தாலும் கூட்டத்தில் நிற்க வைத்தோம்.

"பழைய மணி அடிச்சுதுங்க, பழக்க தோசத்துல கை போயிருச்சு" என்றார்.

"கை போனா செரி, கூடவே காது எதுக்குங்க போச்சு?" என்றார் ஐயாக்கண்ணு.

சிரித்தார்கள். லூர்துராஜ் ரிசீவரின் மேல் கை வைத்து மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகு அவர் தன் சொந்த மணியையே இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் எடுத்தார். அப்படித்தான் ஒழுங்கு வரும்.

ஆனால் சோதனை மணி மட்டும் போதாது. நிஜமான அழைப்பு வரும்போது யாராவது ஒட்டுக்கேட்கிறார்களா என்பதைக் கண்டுபிடிக்க வேறு வழி இல்லை, லைனில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். அந்தச் சுமையை நான் ஏற்றுக்கொண்டேன். ரிசீவரை எடுக்கும்போதும் வைக்கும்போதும் ஒரு சின்ன 'டக்' கேட்கும். அந்த 'டக்'குக்காகத்தான் காத்திருப்பேன். பேச்சு காதில் விழுவதைத் தவிர்க்க முடியாது. விழுந்ததை நான் யாருக்கும் சொன்னதில்லை. மிளகு விலையைக்கூட என் கொடி மிளகை விற்கும் மட்டுக்கும்தான் பயன்படுத்திக்கொண்டேன். இத்தனை நாளில் ஒரு 'டக்'கூடக் கேட்கவில்லை. எங்கள் லைனில் ஒட்டுக்கேட்கிறவர் ஒருவரும் இல்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது.

போன மாதக் கூட்டத்தில் ஸ்தனிஸ்லாஸின் சம்சாரம் தேவகுமாரி எழுந்தார்.

"நான் எங்கம்மாகிட்டப் பேசறப்பல்லாம் நடுவுல ஒரு மூச்சு கேக்குதுங்க. இழுத்து இழுத்து உடற மூச்சு."

"எங்கூட்டு எருமையா இருக்கும் தாயி" என்றார் ஐயாக்கண்ணு.

"எருமைக்கு எங்கம்மாவோட முட்டிவலிக் கதைய இத்தன நேரம் கேக்கப் பொறுமை இருக்காதுங்கண்ணா."

கூட்டம் சிரித்து அடங்கியதும் என்னைப் பார்த்தார். "செயலாளர் ஐயாவுக்கு மழ வந்தா இழுப்பு வருமில்லீங்க?"

ரொம்பப் பணிவாகத்தான் கேட்டார். அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவருவதாகவும் சொன்னார். செயலாளர் வீட்டுப் போனை ஒரு மாதம் கழற்றி வைத்துவிட்டு, அந்த மூச்சு கேட்கிறதா என்று பார்ப்பது. கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. சம்பவம் நடந்தது அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம். அந்தத் தீர்மானத்துக்கும் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை என்பதை இங்கேயே தெளிவுபடுத்திவிடுகிறேன்.

அன்று காற்றும் மழையும். சில்வர் ஓக் ஒன்று விழுந்து டவுனுக்குப் போகிற கம்பி அறுந்துவிட்டது. எக்ஸ்சேஞ்ச் கிடைக்காது. ஆனால் எங்கள் ஏழு வீட்டுக்கும் நடுவில் உள்ள கம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் மணி அடித்தது. நீளமாக, நிற்காமல். யாருடைய மணியும் அல்ல. பிறகு லூர்துராஜின் பழைய மணி அடித்தது. பிறகு இன்னொருவரின் பழைய மணி. பிறகு மறுபடியும் லூர்துராஜின் பழைய மணி.

நான் அடிக்காத சோதனை மணி. யார் அடிக்கிறார்கள், யார் எடுக்கிறார்கள் என்று பார்ப்பது என் கடமை. எடுத்தேன்.

தேவகுமாரிதான். எஸ்டேட் ஆபீஸிலிருந்து பேசினார், அவர்கள் வீட்டுப் போன் இருப்பது அங்கேதான். வாய்க்கால் அடைப்பை எடுக்கப் போன ஸ்தனிஸ்லாஸின் தொடையில் முறிந்த கிளை குத்திவிட்டது. எப்படியோ கணவரை ஆபீஸ் வராந்தா வரைக்கும் இழுத்து வந்திருக்கிறார். ஆட்கள் எல்லோரும் ஓடைக்கு அந்தப் பக்கம், ஓடையில் வெள்ளம்.

"ஆருங்க? ஆராச்சும் எடுத்தீங்களா? ரத்தம் நிக்கல. சீலையக் கிழிச்சுக் கட்டியிருக்கேன், நனைஞ்சுக்கிட்டே இருக்குது. ஜீப்பு வேணுங்க, லூர்துராஜ் அண்ணன்கிட்டச் சொல்லுங்க."

அங்கிருந்து லூர்துராஜ் வீடு ஜீப்பில் பத்து நிமிஷம். மழையில் நடந்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது.

அவர் ரிசீவரைத் தொங்கவிட்டுப் போய்க் கட்டை இறுக்கிவிட்டு வருவார். மறுபடியும் சுற்றுவார், பேசுவார். நான் ரிசீவரை வைக்கவில்லை. வைத்தால் 'டக்' கேட்கும், இவ்வளவு நேரம் யாரோ இருந்தது தெரிந்துவிடும். பேசவும் இல்லை. என் மணி அடிக்காதபோது நான் எப்படி எடுத்தேன் என்று கேட்டால் பதில் இல்லை. விதியை எழுதியவனே ஒரு விலக்கு எடுத்துக்கொண்டால், நாளைக்கு ஆளுக்கொரு விலக்கு வரும். இதையெல்லாம் அப்போதே நிதானமாக யோசித்தேன். பதற்றத்தில் செய்தது என்று தாங்கள் இரக்கப்பட வேண்டாம்.

என் மனைவி பழனியம்மாள் சமையல்கட்டிலிருந்து வந்து பார்த்தாள். "ஏனுங்க, ஆரு போன்ல? மொகமெல்லாம் வேர்த்துக் கெடக்குது."

நான் போனின் பேசும் வாயைக் கையால் மூடிக்கொண்டு, நம்ம மணி இல்லை என்றேன்.

"நம்ம மணி இல்லீன்னா வெச்சிருங்க. அடுத்தவிய பேச்சு நமக்கெதுக்கு?" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள். நல்ல உறுப்பினர்.

கையை எடுத்தபோதுதான் மூச்சு கேட்டிருக்க வேண்டும்.  தேவகுமாரி குரலைத் தாழ்த்தி மெதுவாகப் பேசினார்.

"இருக்கறீங்கன்னு தெரியுதுங்க. மூச்சு கேக்குது. நான் ஒண்ணுங் கேக்க மாட்டேன். நீங்க பேசவே வேண்டாம். லூர்துராஜ் அண்ணன் ஊட்டு மணிய மட்டும் ஒருக்காச் சுத்திட்டு வெச்சிருங்க. எடுத்தார்னா நான் பேசிக்கறேன். நீங்க ஆருன்னு செத்தாலும் சொல்ல மாட்டேன். கும்புடறேன் சாமி."

அவர் கேட்டது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. கம்பி அறுந்து ஆபரேட்டர் அந்தப் பக்கம் போய்விட்ட நிலையில், லூர்துராஜை விட்டால் அவருடைய மணி தெரிந்தவன் நான் ஒருவன். அதைச் சுற்றுவதும் என் பெயரைச் சொல்வதும் ஒன்றுதான். சுற்றவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ரிசீவர் சுவரில் மோதிக்கொண்டே இருக்கும் சத்தம் வந்தது. மழையில் ஓடியிருக்கிறார். அவர் போய்ச் சேர்ந்து, ஜீப் வந்து, ஸ்தனிஸ்லாஸைத் தூக்கிப் போட்டுக்கொண்டு மலை இறங்கியபோது, குப்பனூர் வருவதற்கு முன்பே அவர் உயிர் போய்விட்டதாம்.

மற்றவர்கள் மணியே அடிக்கவில்லை என்று தங்களிடம் சொன்னது வெட்கத்தினால். சேதி வருவதற்கு முன்னால், அன்று இருட்டின பிறகு குடை பிடித்துக்கொண்டு ஐயாக்கண்ணு என் வீட்டுக்கு வந்தார்.

"ஏனுங்க செயலாளரே, இன்னைக்கு என்ன அந்தச் சுத்துச் சுத்தறீங்க? காதே அடைச்சுப்போச்சு. ஆனா நான் தொடலியே!"

பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி சிரித்தார். உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தேன். மிச்சமுள்ள ஐந்து வீட்டில் ஒருவர்கூட ரிசீவரைத் தொடவில்லை என்பதற்கு நானே சாட்சி. ஒரு 'டக்' இல்லை. மந்திரிகளுக்கு எழுதின காலத்தில் இப்படி ஒரு கட்டுப்பாட்டைக் கனவில்கூட நினைத்ததில்லை. இதைப் போய் மழையில் நமத்த மணி என்று எழுதினால், அந்த ஐந்து வீட்டுக்கும் செய்கிற அநியாயம் அல்லவா?

அடக்கத்தன்று சங்கத்தின் சார்பில் மாலை வைத்தேன். யார் வைத்தது என்று எழுதவில்லை. தேவகுமாரி என் பக்கம் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. சங்கத்தில் இருந்த கட்டுப்பாடு அவரிடமும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அவர் வர முடியாததால் அந்தத் தீர்மானம் எடுத்துக்கொள்ளப்படவில்லை.

மறைக்காமல் எழுதிவிட்டேன். லைனில் இருந்த மூச்சு என்னுடையது. கேட்டவன் நான். ஸ்தனிஸ்லாஸின் உயிர் என் கைப்பிடியில் ஐந்து சுற்றில் இருந்தது என்று தாங்கள் எழுதினால் அதையும் மறுக்க மாட்டேன்.

தங்கள் கேள்வி ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. லூர்துராஜ் வீட்டு மணியைச் சோதித்துப் பார்க்க, அதை எப்படிச் சுற்ற வேண்டும் என்று கேட்டீர்கள். அவர் அழுதாரே தவிரச் சொல்லவில்லை, ஆகவே என்னைக் கேட்டீர்கள். மன்னிக்கவும். உறுப்பினர் எழுத்து மூலம் சம்மதம் கொடுக்காமல் அதை வெளியிட எனக்கு அதிகாரம் இல்லை. ஒரு உயிருக்காகக் கேட்டபோதே கொடுக்காததை ஓர் அறிக்கைக்காகக் கொடுத்தால், நான் நேர்மையானவன் என்று எப்படிச் சொல்லிக்கொள்வது?