எல்லோருக்கும் நல்ல நுரையீரல்

எக்ஸ்ரே எடுக்கும்போது ஆண்கள் பெரும்பாலும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். படத்தில் வயிறு விழாது என்று சொன்னாலும் கேட்கமாட்டார்கள். நெஞ்சைப் பலகையில் ஒட்டி நிற்கவைத்து, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வேன். இருபத்தாறு வருடம் ஆலை மருத்துவமனையில் என் வேலை அதுதான்.

ஆலையில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், கலந்து கூரைத் தகடு செய்தார்கள். விசாரணை அதிகாரியான உங்களுக்கு அது தெரிந்திருக்கும். ஓய்வு பெற்றவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நுரையீரல் பரிசோதனை உண்டு. டாக்டர் வாரத்தில் ஒரு நாள் வந்து, என் குறிப்பைப் படித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அதனால் அந்த ஆட்களுக்கு நான்தான் டாக்டர். அப்படித்தான் கூப்பிட்டார்கள். நானும் திருத்தவில்லை.

முதல் ஆள், கல்நார் மூட்டையைப் பிரித்துக் கொட்டும் பிரிவில் இருந்தவர். வேலை முடிந்து தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக வருவார் என்பதால் அவருக்கு 'மாவு' என்று பெயர். படத்தில் இரண்டு நுரையீரலின் அடிப்பகுதியும் வலை பின்னியது போல இருந்தது. மேலாளரிடம் கொண்டுபோனேன். அவர் படத்தைத் தொடக்கூட இல்லை. இது வெளியே போனால் ஆலையை மூடுவார்கள், உள்ளே இருக்கும் முந்நூறு பேர் தெருவுக்கு வருவார்கள் என்றார். பிறகு, "நீங்க விவரமானவர். பாத்துப் பண்ணுங்க" என்றார்.

இந்த நோய்க்கு மருந்து கிடையாது. உள்ளே ஏறிய தூசியை யாராலும் எடுக்க முடியாது. தெரிந்தால் மனிதர் பயத்திலேயே படுத்துவிடுவார். நிதானமாக யோசித்துத்தான் முடிவு செய்தேன். எல்லோரும் போன பிறகு 'மாவு'வின் எண்ணைப் பலகையில் வைத்து, நானே நெஞ்சை ஒட்டி நின்று, நீளக் கம்பியில் தொங்கும் பொத்தானை அழுத்தினேன். அடுத்த வாரம் அவரிடம், "ஒண்ணுமில்லண்ணே, வயசாகுதுல்ல" என்றேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வெளியே போய் நிம்மதியாக ஒரு சிகரெட் பற்றவைத்தார்.

நாற்பத்தொரு பேருக்காக அப்படி நின்றேன். அந்தக் கதிர் எனக்கும் நல்லதில்லை. அதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

அவர்களில் ஒருவர் என் அத்தான், அக்காவின் கணவர். தகடு அறுக்கும் இயந்திரத்தில் இருந்தவர். மாடி ஏறுவதற்குள் மூன்று இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது என்றார். நடந்தால் சரியாகிவிடும் என்றேன். தினமும் நடந்தார். பிறகு கட்டிலிலிருந்து கழிவறை வரைக்கும் நடந்தார். பிறகு அதுவும் இல்லை.

அவர் போன மூன்றாம் வருடம் அக்கா இருமிக்கொண்டு வந்தாள். ஆலை வாசலை மிதிக்காதவள். ஆனால் அத்தானின் வேலைத் துணிகளை உதறித் துவைத்தவள் அவள்தான். படத்தில் வலது பக்கம் பாதிக்கு மேல் நீர். அதைப் பார்த்தால் தூசி வீடுவரை வந்தது தெரிந்துவிடும். பெண்ணின் படத்துக்கு என் நெஞ்சு உதவாது. வழக்கமான பரிசோதனை என்று என் மனைவியைக் கூட்டிப்போய் நிற்கவைத்தேன். அக்காவிடம், துக்கம்தான் நெஞ்சை அடைக்கிறது என்றேன்.

"நீ சொன்னா சரியாத்தான்டா இருக்கும்" என்று படத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். கடைசி மாதங்களில் தலையணைகளை அடுக்கி, உட்கார்ந்தபடியே தூங்கினாள். படம் எடுத்த எட்டாம் மாதம் போய்விட்டாள்.

'மாவு' பெரிய ஆஸ்பத்திரியில் இறந்தபோது, அங்கே இருந்த நுரையீரல் டாக்டரம்மாவுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. எங்கள் படங்களை வரவழைத்து வரிசையாக மாட்டிப் பார்த்திருக்கிறார். அந்த நாற்பத்தொரு பேர் படத்திலும் இடது ஐந்தாம் விலா எலும்பு ஒரே இடத்தில் உடைந்து ஒட்டியிருந்தது. பதினெட்டு வயதில் நான் சைக்கிளிலிருந்து விழுந்தது. கெட்டிக்காரி. என்னைப் பார்க்க வந்தபோது அக்காவின் படத்தைப் பற்றியும் நானே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அவர்களைச் சிகரெட்டையாவது விடச் சொல்லியிருக்கலாம், அக்காவுக்கு நீரை எடுத்திருந்தால் படுத்துத் தூங்கியிருப்பாள் என்றார். "மருந்து இல்லன்னா ஒண்ணுமே பண்ண முடியாதுன்னு உங்களுக்கு யார் சொன்னா?" என்று கேட்டார். படித்தவர்களிடம் வாதாட முடியாது.

படங்களை மாற்றியது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். மேலாளர் சொன்னதற்காக மட்டும் செய்யவில்லை.

இன்று காலை இங்கே கிளம்பும்போது அக்கா மகள் வாசலில் நின்றாள். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. சின்ன வயதில் அம்மாவோடு நின்று அந்தத் துணிகளின் மறுமுனையைப் பிடித்து உதறியவள். ஒரு மாதமாக இருமல் விடவில்லையாம்.

"மாமா, நானும் ஒரு படம் எடுத்துப் பாத்துடட்டுமா?" என்று கேட்டாள்.

"உனக்கு எதுக்கும்மா அதெல்லாம்? நீ நல்லாத்தான் இருக்க" என்றேன்.

நிம்மதியாகத் திரும்பிப் போனாள். இந்தக் காலத்தில் யார் யாருக்கு அந்த நிம்மதியைக் கொடுக்கிறார்கள்?