சரோஜினிதேவியின் நாவல்களில் நான் இல்லை

தேத்தண்ணீருக்கு நன்றி ஐயா. சீனி கொஞ்சம் கூடிவிட்டது, பரவாயில்லை.

நாவலாசிரியை சரோஜினிதேவியைத் தெரியாதவர்கள் வெள்ளவத்தையில் இல்லை. நான் அவளுடைய கீழ்வீட்டுக்காரி. இருவரும் அந்த மாடிக்கட்டடத்துக்கு ஒரே வருடத்தில் குடிவந்தோம். அவள் எழுதினாள், விருது வாங்கினாள், பத்திரிகைகளில் சிரித்தாள். நான் அவள் வீட்டுப் பூட்டின் திறப்பை வைத்திருந்தேன். அவள் வெளிநாடு போகும்போதெல்லாம் அவள் கணவர் கதிர்காமநாதனுக்குச் சோறு கறி கொடுத்தனுப்பினேன்.

அவள் கைக்கு எங்கள் ஒழுங்கையில் யாரும் தப்பவில்லை. மீன்காரர் நப்ரீஸ் ஒரு நாவலில் காதலித்தார். என் கணவர் செத்தும் தப்பாமல் இரண்டு நாவல்களில் குடித்தார். என் நாய்கூட ஓர் அத்தியாயம் முழுக்க ஓடியது. நான் மட்டும் எங்குமே இல்லை. புதுப் புத்தகம் வந்தால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை என்னைத் தேடுவேன். தெருவில் போகிற ஒரு கிழவியாகக்கூட இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதிருக்கிறேன்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"மெற்றில்டா, நீர் சரியான நல்ல மனுசி. உம்மில எழுத என்ன கிடக்கு?"

நியாயமான பேச்சு. குறை எங்கே என்று தெரிந்தால் திருத்திக்கொள்ளலாம்தானே.

கதிர்காமநாதன் அண்ணர் தங்கமான மனிதர். பின்னேரங்களில் மொட்டைமாடியில் நின்று கடல் பார்ப்பார். கைப்பிடிச்சுவர் அவருடைய இடுப்புக்கும் கீழேதான். அன்றைக்கு நான் காய்ந்த உடுப்பு எடுக்கப் போனேன்.

"வாரும் மெற்றில்டா, இண்டைக்குக் கடல் நல்ல வடிவு."

ஓம் என்று சொல்லிக்கொண்டு பக்கத்தில் போய்த் தள்ளினேன். பிறகு உடுப்புகளை மடித்து எடுத்துக்கொண்டு இறங்கினேன். மழை இருட்டிக்கொண்டு வந்தது.

கால் தவறி விழுந்தார் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். அப்படியே விட்டிருந்தால் எனக்கு என்ன பலன்? செத்தவீட்டில் வைத்து நானே அவளிடம் சொன்னேன். இத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான் அவள் என்னை முழுதாகப் பார்த்தாள். எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

இனிப் பேனையைத் தொடவே மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாளாம். புதுக்கடைக் கோர்ட்டிலிருந்து எனக்காக வந்த லோயர் ஜனா சொல்லிக் கவலைப்பட்டார். பாவம், அவருக்கு எழுத்தாளர்களைத் தெரியாது. ஒவ்வொரு பெரிய நாவலுக்கு முன்னும் அவள் இப்படித்தான் சொல்லுவாள்.

எனக்கு அவசரமில்லை இன்ஸ்பெக்டர் ஐயா. என் பெயரை மட்டும் மாற்றவேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிடுங்கள்.